‘மொட் டூல்ஸ்’ பென்டிரைவுக்குப் பணம் கொடுக்காதீர்கள்

ஸ்கைரிம், ஜிடிஏ போன்ற கேம்களுக்கு மொட் செய்ய, அதாவது கேமை நம் விருப்பப்படி மாற்றியமைக்கத் தேவையான மென்பொருள்கள் எல்லாம் ஒரே பென்டிரைவில் இருப்பதாகச் சொல்லி, பம்பலப்பிட்டியில் ஒரு கணினிக் கடை விற்றுக்கொண்டிருக்கிறது. விலை 14,000 ரூபாய். நிறுவிக் கொடுக்க மேலும் 3,000. வெள்ளவத்தையில் இருக்கும் என் சித்தி மகன், சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தில் அதை வாங்கினான். முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

பென்டிரைவில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிளெண்டர், கிம்ப், ஒடாசிட்டி, 7-ஸிப், நோட்பேட்++, மொட் ஓர்கனைசர் 2, எக்ஸ்எடிட், லூட், நிஃப்ஸ்கோப். இவை அத்தனையும் இலவசம். பிளெண்டர் 2002ஆம் ஆண்டிலிருந்தே திறந்த மூல மென்பொருள், அதாவது அதன் நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம். ஸ்கைரிமுக்கு மொட் உருவாக்கும் கருவியான கிரியேஷன் கிட் கூட, கேமை வைத்திருப்பவர்களுக்கு ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையிலேயே காசில்லாமல் கிடைக்கிறது. மிச்சம் இருந்தவை, காசு கொடுத்து வாங்க வேண்டியவற்றின் உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதிகள்: ஃபோட்டோஷொப்பும் 3டிஎஸ் மேக்ஸும். திறந்த மூல மென்பொருளைப் பிரதி எடுத்து விற்பது குற்றமல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் ‘இவை கடையில்தான் கிடைக்கும்’ என்று பரீட்சை முடித்த பையனிடம் சொல்லிப் பணம் வாங்குவது ஏமாற்று.

நிறுவும்போது கடைக்காரர் முதலில் செய்தது, விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பானான டிஃபென்டரை அணைத்தது. “தம்பி, மொட் டூல் என்றால் இது வைரஸ் என்றுதான் காட்டும், பயப்படாதீர்கள்” என்றாராம். இதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. கேமின் நினைவகத்துக்குள் கைவைக்கும் சில கருவிகளை வைரஸ் தடுப்பான்கள் தவறாகப் பிடிப்பதுண்டு. அப்படிப் பிடித்தால், கோப்பை உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்து எடுத்தோமா என்று பார்க்க வேண்டும். கோப்பைப் பல தடுப்பான்களிடம் ஒரே நேரத்தில் காட்டும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றி, அவை என்ன சொல்கின்றன என்று பார்க்க வேண்டும். அதன் பிறகும் தேவையென்றால் அந்த ஒரு கோப்புக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். பாதுகாப்பு முழுவதையும் அணைக்கச் சொல்கிறவரிடம் கணினியைக் கொடுக்கவே கூடாது.

வேலையாவது ஒழுங்காகச் செய்தார்களா? அதுவும் இல்லை. பல மொட்களுக்குத் தேவைப்படும் துணை நிரலான ஸ்கைரிமின் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர், கேமின் பதிப்போடு அச்சொட்டாகப் பொருந்த வேண்டும். இவனிடம் இருக்கும் கேம் 2021 நவம்பரில் தொடங்கிய 1.6 வரிசைப் பதிப்பு. அவர்கள் போட்டுக் கொடுத்த எக்ஸ்டெண்டரோ அதற்கு முந்தைய 1.5.97க்கானது. கேம் திறக்கவேயில்லை. மொட் ஓர்கனைசரையும் விற்றுவிட்டு, மொட்களை அதன் வழியாகப் போடாமல் கேமின் டேட்டா கோப்புறைக்குள் நேரடியாகக் கொட்டியிருந்தார்கள். அந்த மென்பொருளின் பயனே, ஒவ்வொரு மொட்டையும் தனிக் கோப்புறையில் வைத்து, கேமின் சொந்தக் கோப்புகளைத் தொடாமல் காப்பதுதான். கொட்டிய பிறகு எது கேமுடையது, எது மொட்டுடையது என்று பிரிப்பது பெரும்பாடு. ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்த்தாலும், மேலதிகமாக வந்தவை அப்படியே கிடக்கும். கடைசியில் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி பதிவிறக்கினோம். வீட்டு இணையப் பொதியில் பெரும்பங்கு அதற்கே போனது.

அதற்குள் அவனுடைய ஸ்டீம் கணக்கும் மின்னஞ்சலும் கைமாறிவிட்டன. கடவுச்சொல்லை அவன் யாரிடமும் சொல்லவில்லை. பூட்டுடைத்த ஃபோட்டோஷொப்பின் நிறுவியை வைரஸ்டோட்டலில் ஏற்றியபோது, தகவல் திருடும் நிரல் என்று பல தடுப்பான்கள் அடையாளம் காட்டின. இந்த வகை நிரல், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களோடு, நாம் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதற்கான குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போகும். குக்கி கையில் இருந்தால் தொலைபேசிக்கு வரும் குறியீடுகூட அவர்களுக்குப் பல இடங்களில் தேவைப்படாது.

கடைக்குப் போய்க் கேட்டோம். “அக்கா, மென்பொருளுக்கு உத்தரவாதம் இல்லை” என்றார்கள். பற்றுச்சீட்டில் ‘கணினிச் சேவை’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள், பென்டிரைவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எந்தக் கடையிலும் என்ன வாங்குகிறீர்களோ அதன் பெயரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்தில் முறையிடும்போது கையில் இருக்கும் சான்று அதுதான்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் அந்தக் கணினியை உடனே இணையத்திலிருந்து துண்டியுங்கள். வேறொரு கணினியிலிருந்து முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும், பிறகு மற்றவற்றையும் மாற்றுங்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் தெரிவை மறக்காமல் அழுத்துங்கள், ஏனெனில் பழைய குக்கிகள் அப்போதுதான் செல்லாமல் போகும். விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். ஆனால் பென்டிரைவில் இருப்பதை அழித்துவிடாதீர்கள். கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்துக்கு அழைத்து முறையிடும்போது அது தேவைப்படும்.