ஆர்லாண்டோவில் மலிவு டிக்கெட்: ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவோடு போகிறவர்கள் கவனத்துக்கு

கோடையில் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்ததும் அவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு ஃபுளோரிடாவில் இருக்கும் டிஸ்னி வேர்ல்டு பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கிளம்பும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். ஆர்லாண்டோவை நெருங்கும்போது, கிஸ்ஸிமி பக்கம் 192-ஆம் எண் நெடுஞ்சாலை ஓரமாக 'சுற்றுலாத் தகவல் மையம்', 'பாதி விலை டிக்கெட்' என்று பலகை மாட்டிய கடைகள் நிறையக் கண்ணில் படும். அரசாங்க அலுவலகம் என்றே நினைக்கத் தோன்றும். அதில் ஒரு கடை எங்களை நன்றாக ஏமாற்றிவிட்டது. பணம் போனதைவிட, அப்பா அம்மா அன்று பட்ட பாடுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, சர்க்கரை உண்டு. அம்மாவுக்கு முட்டிவலி. ஈரோட்டுப் பக்கத்து ஆட்கள். இந்த மாதிரிப் பூங்கா எதையும் அதுவரை பார்த்ததில்லை. கடையில் இருந்தவர் அவர்களைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார். பெரியவர்களுக்கு சீனியர் டிக்கெட் இருக்கிறதாம், அவர்கள் வரிசையில் நிற்கவே வேண்டாமாம், தனி வழியாம்.

இரண்டும் பொய். டிஸ்னி வேர்ல்டில் முதியோருக்கென்று தனி டிக்கெட் கிடையாது. 10 வயது ஆகிவிட்டால் எல்லோருக்கும் பெரியவர் கட்டணம்தான். வழக்கமான வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. ஆனால் 2024-இல் அதை இறுக்கி, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு என்று ஆக்கிவிட்டார்கள். வயதுக்கும் முட்டிவலிக்கும் அது கிடைக்காது. சக்கர நாற்காலி எடுத்தாலும் பெரும்பாலான ரைடுகளில் எல்லோரும் நிற்கும் வரிசையில்தான் போகவேண்டும். ஆகவே யாராவது 'சீனியர்' என்ற சொல்லை வைத்து டிக்கெட் விற்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

அவர் சொன்ன ஏற்பாடு இதுதான். நானும் என் கணவரும் மறுநாள் காலை ஒரு ரிசார்ட்டில் 90 நிமிடம் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்கவேண்டும். காலை உணவு உண்டு. அதற்குப் பதிலாக எங்கள் இரண்டு டிக்கெட்டும் கிட்டத்தட்ட இலவசம். வருவோம் என்பதற்கு உறுதியாக ஒரு முன்பணத்தைக் கார்டில் எடுத்துக்கொண்டார். அப்பா அம்மாவின் டிக்கெட்டுக்கு மட்டும் ரொக்கம். பெரியவர்கள் வரவேற்பறையில் ஏசியில் சோபாவில் சௌகரியமாக இருப்பார்கள் என்றார்.

ரிசார்ட்டில் நடப்பது டைம்ஷேர் வியாபாரம். ஒரு விடுதியில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையைப் பல ஆயிரம் டாலருக்கு விற்கிறார்கள். அதோடு முடியாது, பராமரிப்புக் கட்டணம் என்று வருஷா வருஷம் ஒரு தொகை, அதுவும் ஏறிக்கொண்டே போகும். உள்ளே போனதும் ஓட்டுநர் உரிமத்தையும் கார்டையும் 'சரிபார்க்க' என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். 90 நிமிடம் முடிந்தது. வேண்டாம் என்றோம். உடனே மேனேஜர் என்று ஒருவர் வந்து விலையைக் குறைத்தார். அதற்கும் வேண்டாம் என்றதும் இன்னொருவர். "இந்த விலை இன்றைக்கு மட்டும்தான்", "அப்பா அம்மா அடுத்த முறை வரும்போது எங்கே தங்கவைப்பீர்கள்?" என்று கேட்டார்கள். பெற்றவர்களைக் காட்டியே அழுத்தம் கொடுத்ததுதான் எனக்கு மிகவும் கசந்தது. எழுந்தால் டிக்கெட் இல்லை. கையெழுத்துச் சீட்டு வந்தால்தான் வெளியே கவுண்டரில் டிக்கெட் தருவார்கள். அந்தச் சீட்டைக் கடைசி ஆள்தான் தருவார், அவரோ வரவே மாட்டேன் என்கிறார்.

வெளியே வந்தபோது மதியம் ஆகிவிட்டது. சொன்ன காலை உணவு சாசேஜும் இனிப்பு பன்னும். அப்பா சைவம், இனிப்பும் ஆகாது. காலையில் குடித்த காபியோடு உட்கார்ந்திருக்கிறார். கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. "ஏங் கண்ணு, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று மட்டும்தான் கேட்டார். கைப்பையில் இருந்த பிஸ்கட்டைக் கொடுத்து, காரில் வைத்திருந்த தயிர்சாதத்தை அங்கேயே சாப்பிடவைத்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

ஃபுளோரிடாவின் கோடை தெரிந்தவர்களுக்கு, காலை நேரத்தை இழப்பது என்றால் என்ன என்று புரியும். வெயில் ஏறுவதற்கு முன் கிடைக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் வயதானவர்களால் நடக்க முடிகிற நேரம். பிற்பகலில் இடிமழை வருவது அங்கே வழக்கம். மின்னல் அடித்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். டிஸ்னி வேர்ல்டுக்குள் நாங்கள் போன பூங்கா மேஜிக் கிங்டம். அதற்கு இன்னொரு சிரமமும் உண்டு. காரை நிறுத்தினால் பூங்கா வந்துவிடாது. பைகளைச் சோதிக்கும் இடத்தைத் தாண்டி, மோனோரயிலிலோ படகிலோ ஏரியைக் கடக்கவேண்டும். டிக்கெட் பார்ப்பது அதற்கப்புறம்தான்.

அங்கேதான் அடுத்த அடி. நுழைவில் உள்ள கருவியில் டிக்கெட்டை வைத்து விரலையும் வைக்கவேண்டும். டிக்கெட்டோடு பதிவான விரல்தானா என்று அது பார்க்கும். எங்கள் இருவருக்கும் பச்சை விளக்கு எரிந்தது. அம்மாவுக்கு நீலம், அப்பாவுக்கும் நீலம். ஊழியர் வந்து பார்த்துவிட்டு மரியாதையாகவே சொன்னார்: இவை பல நாள் டிக்கெட்டுகள், வேறு யாரோ சில நாட்கள் பயன்படுத்தி மீதியை விற்றிருக்கிறார்கள், அந்த விரல் பதிவு உங்களுடையது இல்லை. அம்மா பயந்துவிட்டார். விசாவில் வந்த இடத்தில் விரல் ரேகை பொருந்தவில்லை என்றால் யாருக்குத்தான் பயம் வராது? "நம்ம மேல ஏதாவது தப்பா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லை அம்மா, விற்றவன்மேல்தான் தப்பு என்று சொல்லிச் சமாதானப்படுத்தினோம். உண்மையும் அதுதான்: பாதி பயன்படுத்திய பல நாள் டிக்கெட்டை விற்பது ஃபுளோரிடா சட்டப்படி குற்றம்.

புதிதாக இரண்டு டிக்கெட் முழு விலைக்கு வாங்கினோம். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 100 டாலருக்கு மேல். கூட்டமான நாட்களில் இன்னும் அதிகம். உள்ளே போய் வாடகைக்குச் சக்கர நாற்காலி கேட்டால் தீர்ந்துவிட்டது. அதற்கு முன்பதிவு கிடையாது, காலையில் வருபவர்களுக்குத்தான். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தபடியே பார்க்கக்கூடிய கரோசல் ஆஃப் புராகிரஸ் அரங்கிலும் சின்னப் படகுச் சவாரியிலும் அம்மா கொஞ்சம் முகம் மலர்ந்தார். இவ்வளவு தூரம் வந்ததற்கு அவ்வளவுதான் மிச்சம்.

டிக்கெட்டை டிஸ்னியின் தளத்தில் நேராக வாங்குங்கள், அல்லது அவர்கள் அங்கீகரித்த விற்பனையாளரிடம். அங்கீகரித்தவர்கள் தரும் தள்ளுபடி சிறியதாகத்தான் இருக்கும். பாதி விலை என்றாலே சந்தேகப்படுங்கள். வாங்கியதும் அன்றிரவே டிக்கெட் எண்ணை டிஸ்னி செயலியில் ஒவ்வொருவர் பெயரிலும் சேர்த்துப் பாருங்கள். ஏற்கெனவே ஒருவர் பெயரில் உள்ள டிக்கெட் சேராது. ஏரியைக் கடந்த பிறகு தெரிவதைவிட இது மேல். ரொக்கம் மட்டும் என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

டைம்ஷேர் கூட்டத்தில் சோர்ந்துபோய்க் கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். ஃபுளோரிடாவில் கையெழுத்திட்ட நாளிலிருந்து, அல்லது கடைசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து, எது பிந்தியதோ அதிலிருந்து 10 நாட்களுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. இந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் செல்லாது. போனில் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். எழுத்தில், பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஃபுளோரிடா வேளாண்மை மற்றும் நுகர்வோர் சேவைத் துறையில் புகார் கொடுத்திருக்கிறோம். அந்த மாநிலத்தில் நுகர்வோர் புகார்களைப் பார்ப்பது அவர்கள்தான். கார்டில் எடுத்த முன்பணத்தை வங்கியிடம் முறையிட்டுத் திரும்பப் பெற்றுவிட்டோம். அப்பா அம்மா டிக்கெட்டுக்குக் கொடுத்த ரொக்கம் இன்னும் வரவில்லை. கையில் இருப்பது தொகை மட்டும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு, கடையின் பெயர்கூட அதில் இல்லை.