ஃப்ரோசன் டம்ப்ளிங்: ஏர் ஃப்ரையரா, தவாவா, எண்ணெய்ச் சட்டியா?

ஃப்ரீசரில் இருக்கும் டம்ப்ளிங்கை, அதாவது மோமோ மாதிரி மாவுக்குள் பூரணம் வைத்து மடித்ததை, மொறுமொறுவென்று சாப்பிட மூன்று வழி உண்டு. எண்ணெயில் முக்கிப் பொரிக்கலாம், தவாவில் அடியை முறுகவிட்டு மூடி போட்டு வேகவைக்கலாம், இல்லையென்றால் ஏர் ஃப்ரையர். மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்த பிறகு நான் ஏர் ஃப்ரையர் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஆனால் அதில் ஒரு விஷயத்தை விட்டுவிட்டால் மற்ற இரண்டுமே மேல்.

எண்ணெயில் பொரித்தால் ருசியில் குறையே இருக்காது. எல்லாப் பக்கமும் ஒரே பொன்னிறம். மேலே ஒட்டிய பனித்துகள் சூடான எண்ணெயில் பட்டதும் படபடவென்று தெறிக்கும், மிச்ச எண்ணெய் வேறு கையில் நிற்கும். நாலு பேருக்கு எப்போதாவது செய்தால் சரி, சாயங்காலப் பசிக்கு இது ஆகாது.

தவா முறையில் கொஞ்சம் எண்ணெய் விட்டு அடி சிவந்ததும் தண்ணீர் ஊற்றி மூட வேண்டும். வற்றியதும் திறந்து மறுபடி முறுகவிட வேண்டும். அடி மொறுமொறு, மேலே மெத்து. அந்தச் சேர்க்கைக்காக இன்றைக்கும் நான் தவாவை எடுப்பதுண்டு. ஏர் ஃப்ரையரில் அது வராது. ஆனால் சுற்றிலும் மொறுமொறுப்பு வேண்டுமென்றால் தவா உதவாது, அடுப்பை விட்டு நகரவும் முடியாது.

இனி ஏர் ஃப்ரையர். இதில் செய்தவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: ஓரம் கல்லாகிவிட்டது, மேலே வெள்ளை வெள்ளையாக மாவுத் திட்டு. பலர் சூட்டைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கிறார்கள். கோளாறு சூட்டில் இல்லை, ஈரத்தில் இருக்கிறது. கோதுமை மாவில் உள்ள ஸ்டார்ச் வேகத் தண்ணீர் வேண்டும். தவாவில் அதை ஆவி தருகிறது. ஏர் ஃப்ரையரிலோ விசிறி சுழற்றும் சூடான காற்று, மாவு வேகும் முன்பே மேலிருக்கும் ஈரத்தை இழுத்துவிடுகிறது. உள்ளே பூரணம் இல்லாத ஓரமும் மடிப்பும் மெல்லியவை, அவைதான் முதலில் காய்கின்றன.

அதனால் கூடையில் வைக்கும் முன் ஒவ்வொன்றையும் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி உதறி எடுங்கள். ஃப்ரீசர் குளிரில் அந்தத் தண்ணீர் மெல்லிய பனிப்படலமாகப் படிந்துகொள்ளும். அது உருகும்போது மாவு வேகும். அப்புறம் எண்ணெய். பிரஷ்ஷால் மடிப்புக்குள்ளும் போகும்படி தடவ வேண்டும், எண்ணெய் படாத இடம்தான் வெள்ளையாக நிற்கும். ஸ்ப்ரே டப்பா வேண்டாம். பலவற்றில் எண்ணெயோடு சேர்க்கும் லெசிதின் என்ற பொருள் கூடையின் நான்ஸ்டிக் பூச்சில் பிசினாகப் படிந்துவிடும்.

190 டிகிரி செல்சியஸில் 5 நிமிடம், திருப்பிப் போட்டு இன்னொரு 4, 5 நிமிடம். திருப்பும்போது மேலே சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழுந்திருக்கும். அது தெரிந்தால் சரியான வழியில் போகிறது. ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விடுங்கள். முன்கூட்டி எடுத்து உருகவிடாதீர்கள், மாவு பிசுபிசுத்துக் கிழியும். உள்ளே இறைச்சி என்றால் நடுவில் 74 டிகிரி வந்ததா என்று ஒன்றைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

மரவள்ளி மாவில் செய்த, கண்ணாடிபோல் உள்ளே தெரியும் ரகத்தை நான் அதிகம் செய்ததில்லை. செய்தவரையில் ஏர் ஃப்ரையரில் மேல்மாவு வெடித்தது. அதற்கு ஆவியே நல்லது என்று தோன்றுகிறது. கூட்டம் அதிகமென்றாலும் கூடை போதாது, அகலமான தவாவே கை கொடுக்கும்.

மீந்ததைச் சூடாக்குவதில் மட்டும் ஏர் ஃப்ரையருக்குப் போட்டியே இல்லை. தவாவில் செய்து ஆறிப்போனதைக்கூட லேசாக எண்ணெய் தொட்டு 180 டிகிரியில் 3 நிமிடம் வைத்தால், தளர்ந்த அடி மறுபடி முறுகிவிடுகிறது.