லொறிக்கு வெப்ப மீற்றர் பூட்டக் கொடுக்கிறவர்கள் கவனம்

எங்களுடையது அப்பா காலத்து மிட்சுபிஷி கென்டர், 24 வோல்ட். டேஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் வெப்ப மீற்றர் செத்துப்போனதால், கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் புதிதாக ஒன்று பூட்டினேன். "ஒறிஜினல் 24 வோல்ட் அண்ணன், யோசிக்க வேண்டாம்" என்றார் கடைக்காரர். கூலியோடு 14,500 ரூபாய். பில் கேட்டதற்கு, "நாங்கள் இங்கேதானே இருக்கிறோம்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

மூன்றாவது கிழமை, புறக்கோட்டையில் சீனி ஏற்றிக்கொண்டு தம்பி கண்டிக்குப் போனான். மாவனெல்லை தாண்டி, கடுகண்ணாவ ஏற்றத்தில் முன்பக்கத்தால் ஆவி சீறியிருக்கிறது. அப்போதும் மீற்றர் முள் 70 பாகையில்தான் நின்றதாம். அவன் மீற்றரை நம்பித்தான் ஓட்டினான், அவனில் பிழையே இல்லை. எஞ்சினின் ஹெட் காஸ்கட் போய், ஹெட்டையும் லேத்தில் சீவ வேண்டி வந்தது.

கண்டியில் கழற்றிப் பார்த்த மெக்கானிக் பாஸ் காட்டியதைப் பார்த்து வயிறு எரிந்தது. மீற்றர் 12 வோல்ட். அதற்காக லொறியின் இரண்டு 12 வோல்ட் பற்றறியில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்திருக்கிறார்கள். அப்படி எடுத்தால் ஒரு பற்றறி எப்போதும் குறைச் சார்ஜில் கிடக்கும், மற்றது அளவுக்கு மிஞ்சிச் சார்ஜ் ஏறிக் கெடும். வயர் தகட்டு ஓட்டை வழியாக ரப்பர் வளையம் இல்லாமல் வந்து, தோல் உரிந்து கிடந்தது. பியூஸும் இல்லை. தீப்பிடிக்காமல் விட்டது கடவுள் செயல்.

மற்றது, எஞ்சின் தண்ணீரின் சூட்டை அளந்து மீற்றருக்குக் கொடுக்கும் சென்சர். ஒற்றை வயர் சென்சருக்கு எர்த் (மின்சாரம் எஞ்சின் உடம்பால் திரும்பும் வழி) அதன் மரை வழியாகத்தான் கிடைக்கும். தண்ணீர் கசியாமலிருக்க அந்த மரையில் டெஃப்லான் டேப்பைத் தடிப்பாகச் சுற்றியிருந்தார்கள். எர்த் சரியாகக் கிடைக்காவிட்டால் இந்தவகை மீற்றர் உள்ளதைவிடக் குளிராகத்தான் காட்டும். முள் 70இல் நின்றது அதனால்தான்.

கடைக்காரரிடம் திரும்பிப் போனபோது, "தண்ணீர் பார்க்காமல் ஓட்டினால் நாங்கள் என்ன செய்வது" என்று கேட்டார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம்தான். ஆனால் பில் இல்லாமல் எதைக் காட்டுவது? தயவுசெய்து நீங்களாவது வோல்ட் அளவையும் எழுதி பில் வாங்குங்கள்.

அப்புறம், சென்சரைப் பூட்ட முன்னர் அதை மீற்றரோடு இணைத்து, சென்சரின் உடம்புக்கு எர்த் வயர் பிடித்து, கொதிக்கிற தண்ணீரில் அமிழ்த்திக் காட்டச் சொல்லுங்கள். முள் 100க்குக் கிட்ட வரவேண்டும். பூட்டிய பிறகும், எஞ்சின் சூடாகி முள் ஏறும்வரை கடையைவிட்டு வெளிக்கிட வேண்டாம்.