மென்பொருள் ரெய்டுடன் ஆறு ஆண்டுகள்: தொகுதி எழ மறுத்த ஒரு கத்திரி வெயில் காலம்

காட்பாடி காந்தி நகரில் நான் நடத்தி வரும் திருமண வீடியோ எடிட்டிங் கூடத்தில், 2019 ஆகஸ்ட் முதல் எல்லா வேலையும் லினக்ஸின் மென்பொருள் ரெய்டு ஒன்றை நம்பியே நடக்கிறது. ரெய்டு என்பது பல வட்டுகளை ஒரே சேமிப்பிடமாக இணைக்கும் முறை; அப்படி இணைந்த வட்டுகளைத்தான் தொகுதி என்கிறேன். 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் நான்கு, ரெய்டு 5 அமைப்பு, டெபியன் இயங்குதளம், இவற்றை ஆளும் எம்டிஏடிஎம் என்ற கருவி. ஒரு வட்டு போனால் அதன் தகவலைத் திரும்பக் கணக்கிட உதவும் பாரிட்டிக்கு ஒரு வட்டின் அளவு போக, 12 டெராபைட் இடம் கையில் நிற்கும். இதே வேலையைச் செய்யும் தனி ரெய்டு அட்டை வாங்காததற்குக் காரணம் உண்டு. அட்டை பழுதானால் அதே வகை அட்டையைத் தேடிச் சென்னைக்கு அலைய வேண்டும். மென்பொருள் ரெய்டிலோ ஒவ்வொரு வட்டின் தொடக்கத்திலும் சூப்பர்பிளாக் என்ற சிறு குறிப்பேடு எழுதப்பட்டிருப்பதால், வட்டுகளைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கணினியில் எந்த வரிசையில் மாட்டினாலும் தொகுதி தன்னை அடையாளம் கண்டுகொள்கிறது.

2021-இல் மதர்போர்டை மாற்றி இயங்குதளத்தையும் புதிதாக நிறுவியபோது இது மெய்யானது. தொகுதி எழுந்தது, ஆனால் எம்டி0 என்ற பழைய பெயரில் எழாமல் எம்டி127 என்று எழுந்தது. கணினியின் பெயர் மாறியதால் தன்னை அது அயலார் தொகுதியாகக் கருதிக்கொண்டது, அவ்வளவுதான். டீட்டெய்ல் ஸ்கேன் கட்டளை தரும் வரியை எம்டிஏடிஎம் அமைப்புக் கோப்பில் சேர்த்து, கணினி எழும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்-ஐப் புதுப்பித்து, எது எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பெயருக்குப் பதில் மாறாத அடையாளமான யுயுஐடி எண்ணைக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

2022 மே மாதத்தில் நடந்ததை அப்படி எளிதாகச் சொல்லிவிட முடியாது. கத்திரி வெயில்; வேலூர் வெயிலைப் பற்றி இந்தப் பக்கத்தாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வைகாசி முகூர்த்தங்களின் காட்சிகள் குவிந்திருந்தன. பிற்பகலில் ஒரு திருமணத்தின் முழு நீள வீடியோ ரெண்டர் ஆகிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது; வயதான யூபிஎஸ் பேட்டரி இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. மின்சாரம் திரும்பிய பின் கணினி அவசர நிலைத் திரையில் நின்றுவிட்டது. தொகுதியின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்தால் தொகுதி 'இனாக்டிவ்' (இயங்கவில்லை) என்றும், வட்டுகளின் பெயர்களுக்குப் பின்னால் ஸ்பேர் என்பதைக் குறிக்கும் 'எஸ்' என்ற எழுத்தும் இருந்தன. அந்த எழுத்தைப் பார்த்து, என் வட்டுகள் எல்லாம் வெற்று உதிரிகளாகிவிட்டன என்று நெஞ்சு பதறியது. தொடங்காமல் பாதியில் நிற்கும் தொகுதியில் உறுப்பு வட்டுகள் அப்படித்தான் காட்டப்படும் என்பதும், தகவல் அழிந்ததற்கு அது அடையாளம் அல்ல என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

உதவிக்கு இருந்த தம்பி, "அண்ணே, அதே நாலு டிஸ்க்கை வெச்சு புதுசா க்ரியேட் பண்ணிட்டா வந்துடுமாம்ண்ணே" என்றார். அன்று நான் செய்த மிக நல்ல காரியம், அந்தக் கட்டளையை அடிக்காமல் இருந்ததுதான். க்ரியேட் கட்டளை பழைய சூப்பர்பிளாக்குகளின் மேலேயே புதியவற்றை எழுதிவிடும். வட்டுகளின் வரிசையோ, தகவலைப் பிரிக்கும் துண்டின் (சங்க்) அளவோ, தகவல் தொடங்கும் இடமோ ஒன்று மாறினாலும் உள்ளே இருப்பது குழம்பிவிடும். அந்தத் தொடக்க இடம் எம்டிஏடிஎம்-இன் பதிப்புக்குப் பதிப்பு மாறியும் வந்திருக்கிறது. உண்மையான வரிசையை அறியப் பழைய சூப்பர்பிளாக்கைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்தச் சாட்சியை நாமே அழிக்கக் கூடாது.

எனவே எழுதுவதை விட்டுப் படிப்பதில் இறங்கினேன். ஒவ்வொரு வட்டுக்கும் எக்ஸாமின் கட்டளையைக் கொடுத்து, வந்த விவரங்களைக் கைபேசியில் படமெடுத்து வைத்தேன். அவற்றில் முக்கியமானது 'ஈவெண்ட்ஸ்' என்ற எண். தொகுதியின் நிலை மாறும்போதெல்லாம் எல்லா வட்டுகளிலும் ஒன்றாக ஏறும் எண் அது. மூன்று வட்டுகளில் அது ஒன்றாக இருந்தது. எஸ்டிடி என்ற நான்காவது வட்டில் மட்டும் ஆயிரக்கணக்கில் பின்தங்கியிருந்தது. அந்த வட்டின் புதுப்பித்த நேரம் ஏப்ரல் மாதத்தில் நின்றிருந்தது. இன்னொன்றையும் கவனித்தேன்: மற்ற மூன்றும் 'நம்மில் ஒருவர் இல்லை' என்று பதிந்திருக்க, எஸ்டிடி மட்டும் 'நால்வரும் நலம்' என்று பதிந்திருந்தது. வெளியே தள்ளப்பட்ட வட்டுக்குத் தான் தள்ளப்பட்ட செய்தியை எழுத வழியில்லை அல்லவா? இந்த முரண்பாட்டைப் படிக்கத் தெரிந்தால் நோயின் பாதி புரிந்துவிடும்.

மறுபாதி, இயங்குதளத்தின் மையமான கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்க் பதிவில் இருந்தது. காலாவதியான வட்டை வெளியேற்றுகிறேன் என்று ஒரு வரி. தூய்மையற்ற, குறைபட்ட தொகுதியைத் தொடங்க இயலாது என்று இன்னொரு வரி. ஒரு வட்டு மட்டும் இல்லாதிருந்தால் ரெய்டு 5 தயங்காமல் எழும். எழுதும் நடுவில் மின்சாரம் போய், நான்கு வட்டுகளும் இருந்தாலும் எழும். பாரிட்டியைத் திரும்பக் கணக்கிட்டுக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால்தான் சிக்கல். இல்லாத வட்டின் தகவலைப் பாரிட்டியிலிருந்துதான் கணக்கிட வேண்டும். பாதியில் நின்ற எழுத்தால் அந்தப் பாரிட்டியே பொய்யாக இருக்கலாம். பொய்யான தகவலை அமைதியாகத் தருவதைவிட, நிர்வாகி வந்து முடிவெடுக்கட்டும் என்று தொகுதி நின்றுவிடுகிறது. அதன் மறுப்பைப் பழுதென்று நினைத்திருந்தேன்; இது பாதுகாப்பு என்று புரிந்ததும் மனம் அடங்கியது.

வட்டு தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பார்த்து மூன்று வட்டுகளிலும் கெட்ட செக்டர் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டேன். பிறகு, பாதி எழுந்து நின்ற தொகுதியை ஸ்டாப் கட்டளையால் நிறுத்தினேன். இதைச் செய்யாவிட்டால் வட்டுகள் வேறிடத்தில் பயன்பாட்டில் உள்ளன என்று கருவி முரண்டு பிடிக்கும். பின்னர் நம்பத்தகுந்த மூன்று வட்டுகளின் பெயர்களை மட்டும் கொடுத்து, அசெம்பிள் கட்டளையை ஃபோர்ஸ் என்ற தெரிவுடன் ஓட்டினேன். பின்தங்கிய நான்காவதை அதில் சேர்க்கவே கூடாது. தொகுதி எழுந்தது. படிக்க மட்டும் என்ற நிலையில் மவுண்ட் செய்து, இன்னும் ஒப்படைக்காத திருமணங்களின் காட்சிகளை முதலில் ஒரு வெளி வட்டில் நகலெடுத்தேன். அதன் பின்பே கோப்பு முறைமையைச் சோதித்தேன். மின்சாரம் போனபோது ரெண்டர் ஆகிக்கொண்டிருந்த ஒரே கோப்புதான் கெட்டிருந்தது. மூலக் காட்சிகள் முழுமையாக இருந்தன.

எஸ்டிடி வெளியேறியதற்குக் காரணம் வட்டே அல்ல. அதன் ஸ்மார்ட் பட்டியலில் கெட்ட செக்டர்களைச் சுட்டும் 5, 197 ஆகிய எண்களுக்கு நேரே பூச்சியம். தகவல் கடத்தலில் நேரும் 199 என்ற சிஆர்சி பிழை மட்டும் ஏறியிருந்தது. அது பெரும்பாலும் வட்டை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைச் சுட்டும். புதிய கேபிள் மாட்டி ரீ-ஆட் கட்டளை கொடுத்தேன். மாறிய இடங்களைக் குறித்து வைக்கும் பிட்மேப் தொகுதியில் இருந்ததால், இடையில் மாறிய பகுதிகள் மட்டும் எழுதப்பட்டு இரண்டு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. இல்லையென்றால் 4 டெராபைட்டையும் எழுத ஒரு பகல் போயிருக்கும்.

எனக்கு வருத்தம் தந்தது வேறு. ஏப்ரலிலேயே கண்காணிப்பு நிரல் ஒழுங்காக எச்சரித்திருக்கிறது. நிர்வாகியான ரூட் பயனருக்கான அந்த எச்சரிக்கை மடல்கள் அந்தக் கணினிக்குள்ளேயே திறக்கப்படாமல் கிடந்தன. இப்போது அவை என் கைபேசிக்கு வருகின்றன; மானிட்டர் கட்டளையின் டெஸ்ட் தெரிவால் மாதமொரு முறை மடல் வருகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். யூபிஎஸ்-ஐ யுஎஸ்பி கேபிளால் இணைத்து, பேட்டரி இறங்கும் முன் கணினி தானே அணையும்படி செய்திருக்கிறேன். சாதாரண மேசைக்கணினி வட்டுகள் படிக்க முடியாத செக்டரோடு நீண்ட நேரம் போராடும். கெர்னலோ 30 நொடியில் பொறுமை இழந்துவிடும். அதனால் அந்தப் போராட்ட நேரத்துக்கு வரம்பு வைக்கும் எஸ்சிடி இஆர்சி வசதி உள்ள வட்டுகளில் அதை 7 நொடியாகவும், இல்லாதவற்றுக்குக் கெர்னலின் காத்திருப்பை 180 நொடியாகவும் வைத்திருக்கிறேன். 2023-இல் ஐந்தாவது வட்டு வாங்கி, இரண்டு வட்டுகள் போனாலும் தாங்கும் ரெய்டு 6-ஆக மாற்றினேன். மாற்றம் மூன்று நாள் ஓடியது. நகல் எடுத்து வைக்காமல் யாரும் அதைத் தொடங்க வேண்டாம்.

ரெய்டு நகலுக்கு மாற்றல்ல என்பதால், குடியாத்தத்தில் உள்ள அக்கா வீட்டுக்கு மாதம் இரு முறை ஒரு வெளி வட்டு பேருந்தில் என்னோடு பயணம் செய்கிறது. எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்கள் கணினி எழும்போது மாறக்கூடியவை. எனவே ஒவ்வொரு வட்டின் சீரியல் எண்ணையும் தாளில் எழுதி, கணினிப் பெட்டியில் அது மாட்டியிருக்கும் அறைக்கு வெளியே ஒட்டி வைத்திருக்கிறேன். எந்த வட்டைக் கழற்றினாலும் அந்தத் தாளைப் படித்த பின்பே கை வைக்கிறோம்.