ஆக்டேவியா ஆர்எஸ்: ஏழாண்டு ஓட்டமும் பதினைந்து லட்ச ரூபாய் மாற்றங்களும்

2017 டிசம்பரில் பெங்களூரில் நான் எடுத்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230, இப்போது 88,000 கிலோமீட்டரைக் கடந்திருக்கிறது. 1,984 சிசி டர்போ பெட்ரோல் இன்ஜின், 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, ஆறு கியர் கொண்ட இரட்டை கிளட்ச் தானியங்கிப் பெட்டி, முன்சக்கர இயக்கம். டெல்லி ஷோரூம் விலை 24.62 லட்சமாக இருந்த இந்தக் கார், கர்நாடகச் சாலை வரியும் காப்பீடும் சேர்ந்து என் வீட்டு வாசலுக்கு வந்தபோது 31 லட்சத்தை நெருங்கியிருந்தது. அதன் பிறகு இதன் சக்தியைக் கூட்டுவதற்காக மட்டும் நான் கொடுத்த பில்களைக் கூட்டினால் 15.25 லட்சம் வருகிறது. எந்தப் பணம் சக்தியாக மாறியது, எந்தப் பணம் அந்தச் சக்தியைத் தாங்குவதற்கே போனது என்பதைப் பிரித்துக் காட்டுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் பதினைந்து மாதங்கள் காரை நிறுவனம் கொடுத்தபடியே ஓட்டினேன். அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு அலுவலகம், மாதம் ஒருமுறை ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் வழியாகக் கோயம்புத்தூருக்கு அப்பா அம்மாவைப் பார்க்க ஒரு பயணம். அந்த ஓட்டத்துக்கு 230 குதிரைத்திறன் போதாது என்று சொல்ல எனக்கு நேர்மையான காரணம் எதுவும் இருந்ததில்லை. ஆனால் இந்த வகை இன்ஜினில், கணினியில் உள்ள நிரலை மாற்றினாலே ஐம்பது குதிரைத்திறன் வரை கூடுகிறது என்று அறிந்த நாளிலிருந்து, வாங்கிய காரில் பாதியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் மனதில் ஏறிவிட்டது. அது தவறான எண்ணம். நிறுவனம் விட்டு வைத்த இடைவெளி மோசமான பெட்ரோலுக்கும், கோடை வெயிலுக்கும், பத்தாண்டுத் தேய்மானத்துக்கும் சேர்த்து வைக்கப்பட்ட இருப்பு என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

2019 மார்ச்சில், 17,000 கிலோமீட்டரில், முதல் ரீமேப், அதாவது நிரல் மாற்றம், செய்தேன். இன்ஜின் நிரலுக்கு 70,000, கியர்பெட்டி நிரலுக்கு 45,000 ஆக 1,15,000 ரூபாய். இன்ஜின் நிரல், காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் டர்போவின் காற்றழுத்தத்தையும் தீப்பொறி விழும் நேரத்தையும் மாற்றுகிறது. கியர்பெட்டி நிரல், கூடிய முறுக்குவிசை வழுக்காமல் இருக்க கிளட்ச்சை இன்னும் இறுக்கிப் பிடிக்கச் செய்கிறது. டைனோ எனும் சக்தி அளக்கும் கருவியில், வழியில் இழப்பு போகச் சக்கரத்தில் எஞ்சுவதை அளந்தபோது 201 குதிரைத்திறனாக இருந்தது 246 ஆனது. அதாவது ஒரு குதிரைத்திறனுக்குச் சுமார் 2,550 ரூபாய். இந்த ஏழாண்டுகளில் நான் செலவழித்ததில் இவ்வளவு மலிவாகச் சக்தி கிடைத்தது இந்த ஒரு முறைதான், அதுவே என்னைக் கெடுத்தது. இன்ஜின், கியர்பெட்டி தொடர்பான வாரண்டியை அன்றோடு மறந்துவிட வேண்டும் என்பதை மட்டும் தெரிந்தேதான் செய்தேன்.

இரண்டாம் கட்டத்துக்கு 2021 ஜனவரியில் போனேன். டர்போவை அடுத்து வரும் புகைபோக்கிப் பகுதியான டவுன்பைப்பை அகலமானதாக மாற்ற 85,000, காற்று உள்ளிழுக்கும் அமைப்புக்கு 42,000, டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரிதாக்க 95,000, நிரலைத் திருத்த 20,000, வேலைக்கூலி 25,000 என்று 2,67,000 ரூபாய் ஆனது. பட்டியல் விலையில் இவை இவ்வளவு இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் உதிரிபாகத்துக்குச் சரக்குக் கட்டணமும் சுங்க வரியும் அதன் மேல் ஐஜிஎஸ்டியும் ஏறிய பிறகு, அயல்நாட்டு இணையக் கடையில் பார்த்த தொகைக்கும் நம் கைக்கு வரும் பில்லுக்கும் உறவே இருக்காது. இத்தனைக்கும் பிறகு டைனோ காட்டியது 268. இருபத்திரண்டு குதிரைத்திறன் கூடியிருந்தது. ஒன்றுக்கு 12,000 ரூபாய்க்கும் மேல்.

டைனோ எண்களைப் பற்றி இங்கே ஒரு சொல். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் சென்னையைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்குச் சக்தியை இழப்பதால், அதை ஈடுகட்டும் திருத்தக் காரணி ஒன்றை டைனோ மென்பொருள் கணக்கில் சேர்க்கிறது. டர்போ இன்ஜினோ, டர்பைனை இன்னும் வேகமாகச் சுழற்றி அந்த இழப்பில் பெரும்பகுதியைத் தானே ஈடுசெய்துகொள்கிறது. ஆகவே அதே காரணியை டர்போ காருக்கும் போட்டால், அச்சிட்டுத் தரும் தாளில் உண்மையைவிடப் பெரிய எண் வரும். என் தாள்களிலும் அந்த உப்பல் இருக்கிறது. எல்லாத் தாள்களையும் ஒரே டைனோவில் எடுத்ததால் ஏற்ற இறக்கத்தை ஒப்பிடலாம். 268 என்ற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். நிரல் போடுபவர் எந்தக் காரணியில் ஓட்டினார் என்று கேட்காமல் டைனோ தாளை வாங்குவது, எடைக்கல்லைப் பார்க்காமல் அரிசி வாங்குவதைப் போன்றது.

இந்தக் கட்டத்தில்தான் பிரேக்கும் டயரும் நினைவுக்கு வந்தன. வரிசைப்படி பார்த்தால் இவையே முதலில் வந்திருக்க வேண்டும். முன்சக்கரங்களுக்குப் பெரிய டிஸ்க், காலிப்பர், பேட், எஃகு வலை போர்த்திய பிரேக் குழாய் எல்லாமாக 1,65,000. நல்ல பிடிமானமுள்ள நான்கு டயர்கள் 76,000. நிறுவனம் கொடுத்த டயர்கள் 36,000 கிலோமீட்டர் வரை உழைத்தன. புதியவை 21,000-ல் முடிந்தன, அதிலும் முன்டயர்கள் முன்னதாகவே. இழுப்பது, திருப்புவது, நிறுத்துவதில் பெரும்பங்கு என மூன்று வேலையும் முன்சக்கரத்தின் தலையில் விழும் காரில் இதைத் தவிர்க்க வழியில்லை.

அங்கே நின்றிருக்கலாம். ஆனால் 2022 ஆகஸ்டில், இதே குடும்ப இன்ஜினின் உயர்திறன் வடிவமான ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர் காரில் வரும் ஐஎஸ்38 டர்போவைப் போட்டேன். என் காரில் இருந்தது அதைவிடச் சிறிய ஐஎஸ்20. இந்த இன்ஜினில் புகையைத் திரட்டி டர்போவுக்கு அனுப்பும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே அமைந்திருப்பதால் பெரிய டர்போவை நேரடியாகப் பொருத்திவிட முடிகிறது. அந்தச் சுலபம்தான் ஆசையைத் தூண்டுகிறது. டர்போ 2,10,000, உயர் அழுத்த எரிபொருள் பம்ப் 85,000, நிரல் 50,000, கூலி 40,000 ஆக 3,85,000 ரூபாய். தாளில் 326 வந்தது. கூடிய 58 குதிரைத்திறனுக்கு ஒன்றுக்கு 6,600 ரூபாய்தானே, இரண்டாம் கட்டத்தைவிட மலிவாயிற்றே என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கணக்கு ஆறு மாதம் தாங்கியது. 2023 பிப்ரவரியில், தருமபுரி தாண்டி நான்காம் கியரில் முழுதாக மிதித்தபோது, வேகம் ஏறாமல் இன்ஜின் சுழற்சி மட்டும் ஏறியது. கிளட்ச் வழுக்குகிறது. இந்தப் பெட்டியின் கிளட்ச் எண்ணெயில் மூழ்கியிருக்கும் வகை. சாதாரணமாக நெடுங்காலம் உழைக்கக்கூடியது. ஆனால் 350 நியூட்டன் மீட்டருக்காக அமைத்த காரில் நான் 430-க்கும் மேல் இறக்கிக்கொண்டிருந்தேன். வலுவான கிளட்ச் தொகுதி, எண்ணெய், வடிகட்டி, கூலி எல்லாம் சேர்ந்து 1,95,000. ஒசூர் சாலையில் பட்டறை வைத்திருக்கும் கிருஷ்ணகிரிக்காரத் தம்பி பழைய தகடுகளை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, ஒரு இடத்தை பலப்படுத்துனா வண்டி அடுத்த வீக்கான இடத்தைக் காட்டும். அடுத்தது என்னன்னு நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அடுத்தது டர்போ. 2023 நவம்பரில் காலையில் வண்டியைக் கிளப்பியதும் நீலப்புகை. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழல்வது; அது மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தபடி சுழல்கிறது, அந்த எண்ணெய் சில நொடிகள் குறைந்தாலும் தாங்காது. டர்போவை மாற்றிய இடத்தில், எண்ணெய்க் குழாய் இணைப்பில் தடவிய பசை அளவுக்கு மிஞ்சி, ஒரு துணுக்கு உள்ளே சென்று எண்ணெய் வழியை அடைத்திருந்தது. அந்தப் பட்டறையின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. பில்லில் எந்த உத்தரவாதமும் எழுதி வாங்காதது என் தவறு. டர்போ போனால் அது தனியாகப் போவதில்லை. எண்ணெய் இன்டர்கூலருக்குள்ளும் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கிக்குள்ளும் இறங்கிவிடுகிறது. புதுப்பித்த டர்போ 1,80,000, சுத்தம் செய்வதும் வினையூக்கி மாற்றுவதும் 62,000. கிளட்ச்சையும் இதையும் மூன்றாம் கட்டத்தின் கணக்கிலேயே எழுதினால் 8,22,000 ரூபாய். ஒரு குதிரைத்திறனுக்கு 14,000-க்கும் மேல்.

பெட்ரோலும் இந்தக் கணக்கில்தான் சேரும். காற்றழுத்தம் கூடக் கூட, சுடர் வந்து சேருமுன்பே கலவை தானாக வெடிக்கும் ஆபத்து கூடுகிறது. அதைக் கட்டுப்படுத்த உயர் ஆக்டேன் பெட்ரோல் வேண்டும்; இல்லையென்றால் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தி, காசு கொடுத்து வாங்கிய சக்தியைத் தானே பிடுங்கிக்கொள்ளும். என் நிரல் இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100-க்காக எழுதப்பட்டது. சாதாரணப் பெட்ரோல் இங்கே 102 ரூபாயாக இருந்த காலத்தில் அது 160 ரூபாய் அளவில் விற்றது. மைலேஜும் குறைந்து லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்த வண்டிக்கு மாதம் ஆயிரம் கிலோமீட்டர் என்றால், பழைய நிலையைவிட மாதம் 9,300 ரூபாய் கூடுதல்; பெரிய டர்போ இருந்த 22 மாதங்களுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல். அந்தப் பெட்ரோல் எல்லா பங்க்கிலும் கிடைப்பதுமில்லை. கோயம்புத்தூர் போகும்போதெல்லாம் எங்கே நிரப்புவது என்று முதல் நாளே திட்டமிட்டுக்கொண்டு கிளம்புவேன்.

இத்தனையும் எங்கே பயன்பட்டது? சில்க் போர்டிலிருந்து வெளிவட்டச் சாலையில் மாலை ஆறு மணிக்கு ஊரும்போது இன்டர்கூலருக்குக் காற்றே வராது. உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை 60 டிகிரியைத் தாண்டுவதை மீட்டரில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். வழி கிடைத்து மிதித்தாலும் அந்தச் சூட்டில் கணினி சக்தியைக் குறைத்தே கொடுக்கும். காலியான சாலையில் ஜிபிஎஸ் கருவி வைத்து அளந்தபோது, பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு நிறுவன நிலையில் 7.0 விநாடி, முதல் ரீமேப்பில் 6.3, பெரிய டர்போவில் 5.7. முதல் இரண்டு கியரிலும் சக்கரம் சும்மா சுழல்வதால் கூடிய சக்தியில் பாதி ரப்பர் புகையாகப் போய்விடுகிறது. செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இரண்டு முறை ஓட்டியதுதான் அந்த டர்போவை நியாயமாகப் பயன்படுத்திய நாள்கள். அன்று வீட்டுக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியபோது அப்பா வாசலுக்கு வந்து, "ஏங்கண்ணு, சைலன்சர் ஓட்டையாயிருச்சா?" என்று கேட்டார்.

சட்டத்தின் பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உரிமையாளருக்கு விதிக்க இடமளிக்கிறது. என்னை யாரும் நிறுத்தியதில்லை. ஆனால் பொம்மசந்திரா அருகே லாரி ஒன்று பக்கவாட்டில் உரசி 48,000 ரூபாய் பழுது வந்தபோது நான் காப்பீட்டைக் கேட்கவே இல்லை, ஏனென்றால் சர்வேயர் பானெட்டைத் திறந்து பார்த்தால் அறிவிக்காத மாற்றங்களெல்லாம் கண்ணில் படும். ஆண்டுதோறும் பிரீமியம் கட்டிக்கொண்டே காப்பீடு இல்லாதவனாகத்தான் ஓட்டியிருக்கிறேன். அன்று இடித்தது லாரியாக இல்லாமல், என் கார் யார் மேலாவது இடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைவு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், பாதித் தூரத்திலேயே மாற்றிய இன்ஜின் ஆயில், டைனோ வாடகை என்று சில்லறைச் செலவு 80,000. மூன்றாண்டில் வண்டி பட்டறையில் நின்றது 94 நாள்; அந்நாள்களில் டாக்சிக்கு 50,000 ரூபாய் போயிருக்கும். அதற்குள் கார்க் கடனின் தவணை மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை என்று மனைவி நினைவுபடுத்தினாள்.

2024 ஜூனில் பெரிய டர்போவையும் பம்ப்பையும் டவுன்பைப்பையும் கழற்றி விற்றேன். 2,40,000 ரூபாய் வந்தது. பத்திரமாக வைத்திருந்த பழைய ஐஎஸ்20 திரும்ப ஏறியது, நிரலும் நிறுவன நிலைக்கு வந்தது, காப்பீட்டாளருக்கு எஞ்சியிருந்த மாற்றங்களை எழுதிக் கொடுத்தேன். பெட்ரோல், டாக்சி எல்லாம் சேர்த்து, விற்ற தொகையைக் கழித்தால், கையை விட்டுப் போனது 15 லட்சத்துக்குச் சற்றே மேல். மறுபடி அதே காரை வாங்கினால் முதல் ரீமேப்பின் நினைவு என்னைச் சோதிக்கும் என்பதை மறுக்க மாட்டேன். இரண்டாம், மூன்றாம் கட்டங்கள் சோதிக்காது.

கழற்றாமல் விட்டவற்றில் ஒன்று பிரேக். போன மாதம் தொப்பூர் கணவாய் இறக்கத்தில், எனக்கு முன்னால் போன சரக்கு லாரி ஒன்று விளக்கே போடாமல் இடது தடத்திலிருந்து என் தடத்துக்கு வந்தது. மிதித்தேன், வண்டி நேர்கோட்டில், லாரிக்கு ஓர் ஆள் நீளம் முன்பே நின்றது.