பேரேடுகளை ஏற்றி இறக்கிய மூன்று ஆண்டுகள்

காரைக்குடியில் மூன்று பேர் சேர்ந்து, செட்டிநாட்டு வீடுகளின் பெட்டகங்களில் கிடக்கும் பர்மா காலத்துப் பேரேடுகளை ஸ்கேன் செய்து சர்வரில் சேர்த்துவருகிறோம். தளத்தை எழுத ஜாங்கோ, அதை ஓட்ட குனிகார்ன், வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை முன்னால் நின்று வாங்க எஞ்சின்எக்ஸ் என்று எல்லாமே இலவச மென்பொருள்தான்.

ஏ3 பக்கம் ஒன்றை 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி) வண்ணத்தில் எடுத்தால், சுருக்காத டிஃப் (TIFF) படக் கோப்பு சுமார் 93 எம்பி வரும். கானாடுகாத்தானில் எங்களுக்குக் கிடைத்த அப்லோடு வேகம் நொடிக்கு 4 மெகாபிட். பக்கத்துக்கு மூன்று நிமிடம். முதலில் குனிகார்னை நேராக இணையத்தில் திறந்து வைத்தது பெரிய தவறு. அதில் கோரிக்கைகளைக் கவனிக்கும் சாதாரண ஒர்க்கர் ஒரே கோரிக்கையில் 30 நொடிக்கு மேல் சிக்கிக் கிடந்தால் நிறுத்தப்பட்டுவிடும். 15 எம்பி போனதும் அறுந்துவிடும். "ஏந்தம்பி, மறுபடியும் மொதல்லேருந்தா?" என்று வீட்டு ஆச்சி கேட்டபோது பதில் சொல்ல வாய் வரவில்லை.

எஞ்சின்எக்ஸை முன்னால் வைத்ததும், கோப்பு மிகப் பெரிது என்று சொல்லும் 413 பிழை வந்தது. அதன் இயல்பு வரம்பு 1 எம்பிதான், அதைக் கூட்டினோம். கோப்பு முழுவதையும் தானே வாங்கித் தற்காலிக இடத்தில் வைத்துவிட்டு அப்புறம்தான் ஜாங்கோவிடம் கொடுக்கும் என்பதால், மெதுவான இணையம் குனிகார்னின் ஒர்க்கரைப் பிடித்து வைப்பதில்லை. ஆனால் 2.5 எம்பியைத் தாண்டினால் ஜாங்கோவும் தன் பங்குக்கு ஒரு தற்காலிகக் கோப்பு எழுதும். இரண்டும், சர்வரின் இயங்குதளம் இருக்கும் சிறிய ரூட் பகுதியில் விழுந்து, ஒருநாள் வட்டு நிரம்பி எல்லாம் நின்றது. இரண்டையும் பெரிய வட்டுக்கே மாற்றினோம். ஜாங்கோவின் தற்காலிக இடமும் கடைசி இடமும் ஒரே வட்டுப் பகுதியில் இருந்தால், நகலெடுக்காமல் பெயரை மட்டும் மாற்றி முடித்துவிடும். இதை முதல் நாளே செய்யுங்கள்.

டவுன்லோடுக்கு எஞ்சின்எக்ஸின் எக்ஸ்-ஆக்செல்-ரீடைரக்ட் என்ற வசதி. பார்க்க அனுமதி உண்டா என்று ஜாங்கோ சோதிக்கும். கோப்பை எஞ்சின்எக்ஸே அனுப்பும். பாதியில் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அப்லோடைத் தொடரவைக்கத்தான் பாடுபட்டோம். அதற்கு டஸ் (tus) என்ற நெறிமுறை. எதுவரை வந்தது என்று சர்வரைக் கேட்டு மிச்சத்தை மட்டும் அனுப்பும். ஆனால் எஞ்சின்எக்ஸ் சேர்த்து வைத்துக் கொடுப்பதால், பாதியில் அறுந்த துண்டு ஜாங்கோவுக்கு வந்தே சேராது. எனவே 5 எம்பி துண்டுகளாக வெட்டுகிறோம். கரண்ட் போனால் போவது ஒரு துண்டுதான்.

போன மாதம் பள்ளத்தூரில் அறுபதாவது எம்பியில் கரண்ட் போய், அரை மணி கழித்து வந்தது. அந்தப் பக்கம் அறுபதாவது எம்பியிலிருந்தே ஏறியது.