ஊர் மாறியவரும் ஊன்றி நின்றவரும்: லாரி பிரவுன், கிரெக் பாப்போவிச்

கூடைப்பந்துப் பயிற்சியாளர் லாரி பிரவுன் டென்வர், இந்தியானா, பிலடெல்பியா என்று ஊர் ஊராக மாறியபடியே, 1988இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்கும் 2004இல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸுக்கும் பட்டம் வென்று தந்து, கல்லூரிப் போட்டி, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏ இரண்டிலும் வாகை சூடிய ஒரே பயிற்சியாளரானார். அவரிடம் உதவியாளராக இருந்த கிரெக் பாப்போவிச்சோ, 1996 முதல் 2025 வரை சான் அந்தோனியோ ஸ்பர்ஸ் அணிக்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்து ஐந்து பட்டங்களைக் குவித்தார். நட்சத்திர ஆட்டக்காரர் டிம் டங்கன் 19 பருவங்கள் உடனிருந்தது அவருடைய நற்பேறு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2005 இறுதித் தொடரில் இருவரும் மோதியபோது, ஏழாவது ஆட்டம் வரை இழுபறியாகி, 4-3 என்ற கணக்கில் சீடரே வென்றார். சரிந்த அணியை விரைவில் நிமிர்த்த பிரவுனையே நான் தேர்ந்தெடுப்பேன்; ஆனால் அடுத்த பருவமே நியூயார்க் நிக்ஸுக்குச் சென்ற அவர், 23 வெற்றி, 59 தோல்வியோடு ஓராண்டில் வெளியேறினார்.